கிலோபைட் என்றால் 1000-ஆ, 1024-ஆ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஹார்டு டிஸ்க் வாங்கியவர் ஒருவர் “இடம் குறைகிறது” என்று எழுதுவார். அடுத்த நிமிடம் இரண்டு அணி கூடிவிடும். “கிலோ என்றால் ஆயிரம், பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா?” என்பது ஒரு பக்கம். “கம்ப்யூட்டரில் எப்போதும் 1024தான், அடிப்படை தெரியாமல் பேசாதே” என்பது மறுபக்கம். இரண்டு பக்கமும் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதைக் கணக்கோடு சொல்லவே இந்தப் பக்கம்.

1 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். விண்டோஸ் 931 ஜிபி என்கிறது. மீதி எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. டிஸ்க் தயாரிப்பவர் ‘டெரா’ என்ற முன்னொட்டை 1 லட்சம் கோடி என்ற பொருளில் எழுதுகிறார். விண்டோஸ் அதே பைட்களை 1024 × 1024 × 1024 கொண்டு வகுத்துவிட்டு, விடைக்குப் பக்கத்தில் ‘ஜிபி’ என்றே போடுகிறது. பொருள் ஒன்றுதான், அளக்கும் படிதான் வேறு.

டிஸ்கின் ஐகானை வலது கிளிக் செய்து ‘புராப்பர்ட்டீஸ்’ திறந்து பாருங்கள். ‘கெபாசிட்டி’ வரியில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். இடதுபக்கம் முழு பைட் எண்ணிக்கை, வலதுபக்கம் 931 ஜிபி. அந்த இடதுபக்க எண் 1 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தால் நீங்கள் கொடுத்த காசுக்கு உரியது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. சண்டைக்கான விடை அந்த ஒரே ஜன்னலுக்குள் இருந்தும் பலர் வலதுபக்கத்தை மட்டும் படமெடுத்துப் போடுகிறார்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? இன்றைய 1 டெராபைட் டிஸ்க் பெரும்பாலானவற்றில் 512 பைட் கொண்ட பிரிவுகள் 1,95,35,25,168 இருக்கும். இந்த எண் தற்செயல் அல்ல. டிஸ்க் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட சூத்திரத்திலிருந்து வருவது: 9,76,96,368 + 19,53,504 × (ஜிபி − 50). ஜிபி இடத்தில் 1000 போட்டால் மேலே சொன்ன எண் கிடைக்கும். அதை 512ஆல் பெருக்கினால் 10,00,20,48,86,016 பைட். அதை 1,07,37,41,824ஆல் (1024ஐ மூன்று முறை பெருக்கிய எண்) வகுத்தால் 931.51. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி காட்டுவதும் இதையேதான்.

மனக்கணக்காகப் போட வழி உண்டா?

உண்டு. பெட்டியில் போட்ட ஜிபியை 0.93ஆல் பெருக்குங்கள், விண்டோஸ் காட்டும் ஜிபி வரும். டெராபைட்டை டெராபைட்டாகவே பார்க்க 0.91. மெகாவுக்கு 0.954, கிலோவுக்கு 0.977.

அதன்படி 64 ஜிபி 59.6 ஆகும், 256 ஜிபி 238.4 ஆகும், 500 ஜிபி 465.7 ஆகும், 4 டெரா 3.64 ஆகும். முன்னொட்டு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெரிதாவதைக் கவனியுங்கள். கிலோவில் 2.4 சதவீதமாக இருந்தது மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10. கிலோபைட் காலத்தில் யாரும் பொருட்படுத்தாத வித்தியாசம் இன்று சண்டையாவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் குறைவாகக் காட்டினால் எப்போதுமே இந்தக் கணக்குதான் காரணமா? கடைக்காரர் ஏமாற்ற வழியே இல்லையா?

உண்டு. இந்த விஷயத்தில் கவனமாக இருங்கள். “அது 1000, 1024 வித்தியாசம் சார்” என்பது போலிப் பொருளை விற்பவருக்கும் வசதியான பதில்.

போலி பென் டிரைவ் குறைவாகக் காட்டவே காட்டாது. உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, ‘64’ என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை (சிப்பை நிர்வகிக்கும் பகுதியை) மாற்றியிருப்பார்கள். விண்டோஸும் அழகாக 59-சொச்சம் ஜிபி காட்டும். முதல் 8 ஜிபி நன்றாக எழுதும். அதற்குப் பிறகு எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது காற்றில் போகும். திறந்து பார்க்கும்போதுதான் படங்கள் பாதி சாம்பல் நிறத்தில் வரும்.

கண்டுபிடிக்க நம்பகமான வழி, முழுக்க நிரப்பித் திரும்பப் படிப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். செய்யும் முறை:

1. டிரைவில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு அதைக் காலி செய்யுங்கள்.
2. கருவியை ஓட்டி முழு இடத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். நொடிக்கு 10 மெகாபைட் எழுதும் டிரைவ் என்றால் 64 ஜிபி நிரம்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பாதியில் நிறுத்தினால் சோதனைக்குப் பயனில்லை.
3. சரிபார்ப்பை ஓட்டுங்கள். எந்த இடத்திலிருந்து பிழை தொடங்குகிறது என்று அது சொல்லும். அதுதான் உண்மையான கொள்ளளவு.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

1024 எங்கிருந்து வந்தது? யார் இந்தக் குழப்பத்தைத் தொடங்கியது?

நினைவகச் சிப்பின் அமைப்பிலிருந்து வந்தது. ஒரு முகவரிக் கம்பி இருந்தால் இரண்டு இடங்களைக் குறிக்கலாம், இரண்டு கம்பிக்கு நான்கு, பத்துக் கம்பிக்கு 1024. ஆயிரம் இடம் மட்டும் வைத்துச் சிப் செய்தால் பத்துக் கம்பியையும் போட்டுவிட்டு 24 முகவரியை வீணாக்குவதாகும். ஆகவே ரேம் இயல்பாகவே 1024இன் மடங்கில் வளர்ந்தது. ‘8 ஜிபி ரேம்’ என்றால் மிகச்சரியாக 8,58,99,34,592 பைட். அதை 8.59 என்று யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் நன்றாக இல்லை.

1024, ஆயிரத்துக்கு வெகு அருகில் இருப்பதால் பொறியாளர்கள் பேச்சு வசதிக்குக் ‘கே’ என்றார்கள். அது தவறு என்று அப்போதே உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 1968இல் டொனால்ட் மாரிசன் என்பவர் 1024ஐக் குறிக்க ‘காப்பா’ என்ற கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். டொனால்ட் நூத் பின்னாளில் ‘பெரிய கிலோபைட்’ என்ற பெயரை முன்வைத்தார். இரண்டுமே புழக்கத்துக்கு வரவில்லை.

“கம்ப்யூட்டர் துறையில் ஆதி முதல் 1024தான், டிஸ்க் கம்பெனிகள்தான் லாபத்துக்காக மாற்றின” என்கிறார்களே?

இது உண்மையல்ல. இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் தவறும் இதுதான்.

முதல் வணிக டிஸ்கான ஐபிஎம் 350, 1956இல் வந்தது. 50 தட்டுகள், 100 பரப்புகள், ஒரு பரப்பில் 100 தடங்கள், ஒரு தடத்தில் 500 எழுத்துகள். மொத்தம் மிகச்சரியாக 50 லட்சம் எழுத்துகள். தட்டில் தடம் வரைவதற்கு இரண்டின் மடங்கு என்ற கட்டாயமே கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் வரையலாம். அதனால் டிஸ்க் உலகம் பத்தின் மடங்கில் தொடங்கி அப்படியே வந்தது.

தகவல் தொடர்பும் அப்படித்தான். 56கே மோடம் நொடிக்கு 56,000 பிட். கிகாபிட் ஈதர்நெட் நொடிக்கு மிகச்சரியாக 100 கோடி பிட். அங்கே 1024க்கு இடமே இருந்ததில்லை.

இரண்டும் கலந்த இடங்கள்தான் மிக மோசம். ‘1.44 எம்பி’ ஃபிளாப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 80 தடம் × 2 பக்கம் × 18 பிரிவு × 512 பைட் = 14,74,560 பைட். பத்தின் கணக்கில் அது 1.47 மெகாபைட், 1024இன் கணக்கில் 1.41. அப்படியானால் 1.44 எங்கிருந்து வந்தது? 1440 × 1024 பைட் என்பதை எடுத்து, அந்த 1440ஐ மட்டும் ஆயிரத்தால் வகுத்துவிட்டார்கள். அதாவது அந்த ‘மெகா’ 1000 × 1024. இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத மூன்றாவது மெகா!

சிடியும் டிவிடியும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. 80 நிமிட சிடியில் 73,72,80,000 பைட் அடங்கும். அதை ‘700 எம்பி’ என்றால் அது 1024இன் கணக்கு (703). டிவிடியில் 4,70,73,19,808 பைட், ‘4.7 ஜிபி’ என்பது ஆயிரத்தின் கணக்கு. விண்டோஸ் அதை 4.38 என்று காட்டும். 4.5 ஜிபி என்று காட்டிய கோப்பை 4.7 ஜிபி வட்டில் எழுதப் போய்த் தோற்றவர்கள் பலர்.

அதிகாரப்பூர்வமாக யார் சொல்வது செல்லும்?

சர்வதேச அளவு முறையில் கிலோ, மெகா, கிகா, டெரா எல்லாம் பத்தின் அடுக்குகள் மட்டுமே. இரண்டின் அடுக்குகளுக்கு அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த முறையின் கையேடே சொல்கிறது. இந்தியாவின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 ஏற்றிருப்பதும் சர்வதேச அளவு முறையைத்தான்.

1998 டிசம்பரில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) இரண்டின் அடுக்குகளுக்குத் தனிப் பெயர்களை ஏற்றது: கிபி, மெபி, கிபி... இங்கேயே தமிழில் சிக்கல் வந்துவிட்டது பாருங்கள், அதைக் கீழே தனியாகப் பேசுவோம். 1024 பைட் ஒரு கிபிபைட், 10,48,576 பைட் ஒரு மெபிபைட், 1,07,37,41,824 பைட் ஒரு ஜிபிபைட், அடுத்தது டெபிபைட். இப்போது இவை ஐஇசி 80000 தரநிலையின் 13ஆம் பகுதியில் இருக்கின்றன.

“ஜெடெக் தரநிலை 1024 என்கிறதே” என்று பதில் வரும். ஜெடெக் நினைவகச் சிப் தயாரிப்பாளர்களின் அமைப்பு. அதன் சொற்பட்டியலில் கிலோவுக்கு 1024 என்ற பொருள் இருப்பது உண்மை. ஆனால் வழக்கில் இருப்பதைப் பதிவு செய்யவே அந்த வரையறை என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையல்ல.

எங்கள் கருத்து இது: தரநிலைப்படி கிலோ என்றால் ஆயிரம், அதில் சந்தேகமில்லை. அதே நேரம் ரேம் விஷயத்தில் ‘8 ஜிபி’ என்று சொல்பவரைத் திருத்தப் போவது வீண்வேலை. ரேம் எங்கும் 1024இன் கணக்கில்தான் விற்கிறது, அங்கே யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் வருகிற இடத்தில் திருத்துங்கள்.

கோர்ட்டில் இது பேசப்பட்டதா?

பேசப்பட்டது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது தொடரப்பட்ட வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்தது, வாங்கியவர்களுக்கு இலவச பேக்கப் மென்பொருள் கிடைத்தது. அடுத்த ஆண்டு சீகேட் வழக்கும் சமரசமானது. சாண்டிஸ்க் மீதான வழக்கை 2020இல் கலிபோர்னியா வடக்கு மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1 ஜிபி என்பது 100 கோடி பைட் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தது அங்கே முக்கியமாயிற்று. இன்று நீங்கள் வாங்கும் டிரைவின் பெட்டியில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும். பாருங்கள்.

எந்தக் கணினி எதைக் காட்டுகிறது?

விண்டோஸ்: 1024ஆல் வகுக்கும், ‘கேபி, எம்பி, ஜிபி’ என்று எழுதும். மேக்: 2009இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து ஆயிரத்தால் வகுக்கிறது. ஆண்ட்ராய்டு: 8ஆம் பதிப்பிலிருந்து ஆயிரம், அதற்கு முன் 1024. ஒரே கோப்பு போனில் 105 எம்பி என்றும் விண்டோஸில் 100 எம்பி என்றும் காட்டினால் கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்காதீர்கள். இரண்டிலும் பைட் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையோடு சிறிய எச் கொடுத்தால் 1024, பெரிய எச் கொடுத்தால் 1000. தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையில் அளவை வெறும் ‘எம்’ என்று முடித்தால் 10,48,576, ‘எம்பி’ என்று முடித்தால் 10,00,000. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் முன்னது கிட்டத்தட்ட 5 சதவீதம் அதிகம். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் ஸ்டாட்ஸ் கட்டளை மெபிபைட்டில் காட்டும், இமேஜஸ் கட்டளை ஆயிரத்தின் கணக்கில் காட்டும்.

இதெல்லாம் வெறும் சொல் சண்டைதானே? நடைமுறையில் எங்கே அடிபடும்?

பல இடங்களில்.

பார்ட்டிஷன் போடும்போது (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது): விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட் அளவை எம்பியில் கேட்கும். 100 ஜிபி வேண்டுமென்று 100000 அடித்தால் 97.66 ஜிபி என்று வந்து நிற்கும். 102400 அடியுங்கள், சரியாக 100.00 வரும்.

ரெய்டில் (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) டிஸ்க் மாற்றும்போது: பழைய டிஸ்கும் புது டிஸ்கும் ‘1 டெரா’ என்றிருந்தாலும், புதியதில் சில பிரிவுகள் குறைவாக இருந்தால் ‘டிஸ்க் சிறியது’ என்று கன்ட்ரோலர் மறுத்துவிடும். மேலே சொன்ன சூத்திரம் வருவதற்கு முன் தயாரான டிஸ்குகளில் இது நடக்கும். வாங்குமுன் பிரிவு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். புதிதாக ரெய்டு கட்டுபவர்கள் கடைசியில் சில நூறு மெகாபைட்டைப் பயன்படுத்தாமல் விட்டுவைப்பது நல்ல பழக்கம்.

குபெர்னெட்டிஸில் (பல கணினிகளில் நிரல்களை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) நினைவக வரம்பு எழுதும்போது: பெரிய எம் போட்டால் 10 லட்சம், ‘எம்ஐ’ போட்டால் 10,48,576. சிறிய எம் போட்டால் ‘மில்லி’, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 400 மெகா என்று நினைத்துச் சிறிய எம் போட்டவர் கேட்பது 0.4 பைட்!

நம் ஊரில் அதிகம் பேரைத் தொடுவது விண்ணப்பப் படம். ‘புகைப்படம் 20 கேபி முதல் 50 கேபி வரை’ என்று போட்டிருப்பார்கள், எந்தக் கேபி என்று போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் படம் 50,073 பைட் என்று வையுங்கள். விண்டோஸ் அதை 48.8 கேபி என்று காட்டும், நீங்களும் தைரியமாக ஏற்றுவீர்கள். தளம் ஆயிரத்தால் எண்ணினால் அது 50.07, நிராகரித்துவிடும். அதற்குக் கீழேயே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரியில் 52.0 கேபி என்று இன்னொரு எண் தெரியும். அது டிஸ்க் 4096 பைட் கட்டங்களாக இடம் ஒதுக்குவதால் வருவது (13 கட்டம், 53,248 பைட்), அதைப் பார்க்கவே வேண்டாம். இரண்டு கணக்குக்கும் பொருந்தும்படி படத்தை 20,480 பைட்டுக்கு மேலும் 50,000 பைட்டுக்குக் கீழும் வையுங்கள். எந்தத் தளமும் அளவைக் காரணம் காட்டித் தள்ளாது.

மின்னஞ்சல் இணைப்பு இந்தக் கணக்கோடு சேர்ந்ததல்ல, ஆனால் அடிக்கடி சேர்த்துக் குழப்பப்படுகிறது. 25 எம்பி வரம்பில் 20 எம்பி கோப்பு போகாததற்குக் காரணம் 1024 அல்ல. அனுப்பும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்படுகிறது, வரி முறிப்பும் சேர்ந்தால் சுமார் 37 சதவீதம் கூடுகிறது. 18 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

100 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்தேன். டவுன்லோடு 11 எம்பிக்கு மேல் போகவில்லை. ஏமாற்றா?

இல்லை, நன்றாகவே வேலை செய்கிறது. திட்டத்தில் இருப்பது நொடிக்கு 100 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆகவே 8ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட்.

அதுவும் முழுதாக வராது. ஈதர்நெட்டில் ஒரு பொதி 1538 பைட் அளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அதில் உங்கள் கோப்புக்குப் போவது 1460. மீதி முகவரி, பிழைச் சோதனை, இடைவெளி. ஆக 94.9 சதவீதம், நொடிக்கு 1 கோடியே 18.7 லட்சம் பைட். 1024இன் கணக்கில் காட்டும் நிரலில் இது 11.3 என்று தெரியும். 11க்கு மேல் வந்தால் சேவை தருபவரிடம் சண்டை போட ஒன்றுமில்லை. கம்பியில் இணைத்தும் 6, 7 என்று நின்றால் புகார் கொடுங்கள். வைஃபையில் அளந்த எண்ணைக் காட்டிப் புகார் கொடுத்தால் நிற்காது.

ஒரு பைட் என்றால் எப்போதும் 8 பிட்தானா?

இன்று ஆம். அந்தச் சொல்லை 1956இல் உருவாக்கிய ஐபிஎம் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ட்ஸ் காலத்தில் அப்படி இல்லை. 6 பிட் பைட் இருந்தது, 9 பிட் இருந்தது, பிடிபி-10 கணினியில் 1 முதல் 36 பிட் வரை நிரல் எழுதுபவரே தேர்ந்துகொள்ளலாம். ஐயத்துக்கு இடமில்லாமல் 8 பிட்டைச் சொல்ல வலையமைப்புத் தரநிலைகள் ‘ஆக்டெட்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. பழைய கணினியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இது முக்கியம்.

எஸ்எஸ்டியில் இருப்பது சிப்தானே? அது ஏன் ஆயிரத்தின் கணக்கில் விற்கிறது?

நல்ல கேள்வி. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்புகள் பெரும்பாலும் இரண்டின் அடுக்கில்தான் வருகின்றன. 256 ஜிபிபைட் சிப் வைத்து 256 ஜிபி என்று விற்றால் 7.4 சதவீதம் மிச்சமாகிறது. கன்ட்ரோலர் அதைத் தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது: கெட்டுப்போன கட்டங்களுக்கு மாற்று, பழைய தரவை ஒதுக்கித் துடைக்க இடம். ஃபிளாஷில் எழுதிய இடத்தின் மேல் அப்படியே எழுத முடியாது, முழுக் கட்டத்தையும் அழித்துத்தான் எழுத வேண்டும். இந்த உபரி இல்லாவிட்டால் டிரைவ் நிரம்ப நிரம்ப வேகம் சரியும், ஆயுளும் குறையும்.

பாட், பிட் விகிதம், பிராட்பேண்ட்... இவையும் இதே வகைச் சண்டைதானா?

பாட் என்பது நொடிக்கு எத்தனை குறியீடு மாறுகிறது என்பது. ஒரு குறியீட்டில் பல பிட் ஏறலாம். 2400 பிட் வேக மோடம் 600 பாடில் ஓடியது, ஒரு குறியீட்டுக்கு 4 பிட். இதில் தெளிவான சரி, தவறு உண்டு.

பிராட்பேண்ட் வேறு வகை. அதன் பொருளை அரசு தீர்மானிக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகிறது. இந்தியாவில் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 முதல் 2 மெகாபிட். அமெரிக்காவில் 2015இல் இறக்கத்துக்கு 25 மெகாபிட், 2024இல் 100. நாட்டையும் ஆண்டையும் சொல்லாமல் “இது பிராட்பேண்டே இல்லை” என்பதற்குப் பொருளில்லை.

தமிழில் எழுதும்போது என்ன செய்வது?

தமிழில் எழுதுபவருக்கு இது பெரிய பிரச்சினை. ரோமன் எழுத்தில் பெரிய பி போட்டால் பைட், சிறிய பி போட்டால் பிட். நம் எழுத்தில் பெரிது, சிறிது கிடையாது. மெகாபிட்டும் ‘எம்பி’, மெகாபைட்டும் ‘எம்பி’. வேகத்தை ‘எம்பிபிஎஸ்’ என்று எழுதினால் எட்டு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு பொருள் வரும், மருத்துவப் படிப்பையும் சேர்த்தால் மூன்று.

கிபிபைட்டைச் சுருக்கினால் ‘கிபி’, படிப்பவர் ஆண்டுக் கணக்கு என்று நினைப்பார். ஜிபிபைட்டைச் சுருக்கினால் ‘ஜிபி’, எதிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டுமோ அதுவாகவே ஆகிவிடுகிறது. ‘கிகா’ என்று எழுதும் வழக்கத்தைப் பின்பற்றி ‘கிபிபைட்’ என்றால் கிலோவின் கிபியும் கிகாவின் கிபியும் ஒன்றாகிவிடும். மேலே தரநிலை பற்றிய பதிலில் நின்றது இதனால்தான்.

எனவே எங்கள் பரிந்துரை: வேகம் என்றால் ‘நொடிக்கு 100 மெகாபிட்’ என்று முழுதாக எழுதுங்கள். கொள்ளளவில் துல்லியம் தேவைப்படாத இடத்தில் ‘64 ஜிபி’ போதும். துல்லியம் தேவைப்பட்டால் சுருக்கத்தைக் கைவிட்டுப் பைட் எண்ணிக்கையைப் போடுங்கள். நமக்கு லட்சம், கோடி இருப்பது இங்கே நல்ல வசதி: மெகா என்றால் 10 லட்சம், கிகா என்றால் 100 கோடி, டெரா என்றால் 1 லட்சம் கோடி. ‘100 கோடி பைட்’ என்று எழுதினால் யாராலும் வேறு பொருள் கொள்ள முடியாது.

யாராவது இதைப் பற்றிச் சண்டை பிடித்தால் எப்படிப் பதில் சொல்வது?

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்: ரேமா, டிஸ்கா, வேகமா, கோப்பா. அடுத்து, எண்ணைக் காட்டிய மென்பொருள் எது, பதிப்பு எது. மூன்றாவதாகப் பைட் எண்ணிக்கை. இந்த மூன்றும் வந்தபின் பெரும்பாலும் வகுத்தல் கணக்கு ஒன்றுதான் மிஞ்சும், அதைப் போட்டுக் காட்டிவிடுங்கள். “கிலோ என்றால் என்ன” என்ற கேள்வியை முதலில் எடுத்தால் கேட்டவரின் டிஸ்க் அப்படியே கிடக்கும், மற்றவர்கள் தரநிலை எண்களை எறிந்துகொண்டிருப்பார்கள். கேட்டவர் பெரும்பாலும் காசு போயிற்றோ என்ற பயத்தில் கேட்கிறார், அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

‘200 எழுத்துக்குள் எழுதவும்’ என்று படிவம் சொல்கிறது. என் தமிழ் 120 எழுத்திலேயே நிற்கிறதே?

அங்கே ‘எழுத்து’ என்ற சொல்லுக்கு நான்கு பொருள் இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு த, மி, ழ் என்று மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. யுடிஎஃப்-16இல் 10 பைட். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது, ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் 3 என்கிறது. இரண்டும் தத்தம் வரையறைப்படி சரி. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16இல் (யூனிகோடோடு சேர்த்து 2010இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த முறை) 3 குறியீடு, 6 பைட்.

ஸ்விஃப்டும் எல்லா இடத்திலும் நம்மோடு ஒத்துப்போகாது. ‘ஸ்ரீ’ நம் கண்ணுக்கு ஒன்று, அதற்கு இரண்டு.

படிவம் குறியீட்டை எண்ணுகிறதா பைட்டை எண்ணுகிறதா என்று அறிய எளிய வழி: ‘க’ என்ற எழுத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒட்டிப் பாருங்கள். 200இல் நின்றால் குறியீடு, 66இல் நின்றால் பைட். குறியீடாக எண்ணும் இடத்தில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே கணக்காகும், அதனால்தான் 120இல் நின்றது. குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கிலம் 7 பிட்டில் போவதால் 160 எழுத்து, தமிழ் 16 பிட்டில் போவதால் 70 குறியீடு, அதில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லுக்கு 5 போகும். 71ஆவது குறியீடு வந்தால் செய்தி இரண்டாகும், அப்போது ஒவ்வொரு துண்டிலும் இடம் 67ஆகச் சுருங்கும், கட்டணமும் இரண்டு செய்திக்கு.